கூண்டு காப்பாற்றாது

தேயிலைத் தோட்டத்திலோ கரும்புக் கொல்லையிலோ ஊர்த் தெருவிலோ சிறுத்தை தென்பட்டால் எழும் கோரிக்கை எங்கும் ஒன்றுதான்: கூண்டு வைத்துப் பிடியுங்கள், அடர்காட்டில் கொண்டுபோய் விடுங்கள். தமிழ்நாட்டின் வால்பாறையும் பந்தலூரும் இதைக் கேட்கின்றன. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் கால் நூற்றாண்டாகக் கேட்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்களைக் குறித்தும் இதுவே கேட்கப்படுகிறது. ஊர்க்கூட்டத்தில் தொடங்கும் கோரிக்கை சட்டமன்றம் வரை போகிறது. போகும் வழியில் அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

இந்தக் கருத்தின் வாதம் எளிமையானது. காடு விலங்குக்கு, ஊர் மனிதருக்கு. காடு அழிந்து இரை குறைந்துபோனதால் விலங்கு வழிதவறி ஊருக்குள் வருகிறது. வந்த விலங்கு இன்று நாயைத் தூக்கும், நாளை குழந்தையைத் தூக்கும். ஆகவே அசம்பாவிதம் நடக்கும் முன்பே பிடித்து அதற்குரிய இடத்தில் சேர்ப்பது அரசின் கடமை. எண்ணிக்கை மிகுந்துவிட்டால் சுட்டுக் குறைப்பதும் தவறாகாது. இப்படிச் சொல்பவர்களில் ஆட்டை இழந்த சிறு விவசாயி இருக்கிறார், இருட்டியபின் பிள்ளையை வாசலில் விட அஞ்சும் தோட்டத் தொழிலாளி இருக்கிறார். அவர்களுடைய அச்சத்தில் பொய் இல்லை. மனித உயிரே முதலில் என்ற அவர்களுடைய நிலையும் சரியானது. இங்கே மறுக்கப்படுவது அந்த முன்னுரிமை அன்று. கூண்டு மனித உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையே மறுக்கப்படுகிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். விலங்கைச் சுடச் சொல்பவரும், ‘நாம் அதன் வீட்டை அழித்தோம், பாவம், அது எங்கே போகும்’ என்று இரங்குபவரும் ஒரே வரைபடத்தைத்தான் நம்புகிறார்கள். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் ஊர், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு நிலத்தில் இல்லை. இரு தரப்பின் பிழையும் அங்கிருந்தே பிறக்கிறது.

1. சிறுத்தை ஊருக்குள் வரவில்லை, ஊரிலேயே வாழ்கிறது.

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் (இன்று அஹில்யாநகர்) அகோலே என்னும் வட்டம் இருக்கிறது. பிரவரா ஆற்றுப் பாசனத்தில் கரும்பும் காய்கறியும் விளையும் பள்ளத்தாக்கு அது. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அந்த விளைநிலப் பகுதியில் சரணாலயமோ அடர்காடோ இல்லை. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா அத்ரேயாவும் அவருடைய குழுவினரும் அங்கே தானியங்கி கேமராக்களை வைத்து ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. அதே அளவில் வரிக்கழுதைப்புலிகளும் இருந்தன. அந்தச் சிறுத்தைகள் வழிதவறியவை அல்ல. அங்கேயே குட்டி ஈன்று வளர்ப்பவை. அவற்றின் எச்சத்தை ஆராய்ந்தபோது உணவில் பெரும்பங்கு நாய், பூனை, ஆடு போன்ற வீட்டு விலங்குகளே என்று தெரிந்தது. அவற்றிலும் நாயின் பங்கே மிகுதி. இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை பொருத்திய சிறுத்தைகள் பகலெல்லாம் கரும்பிலும் புதரிலும் படுத்திருந்துவிட்டு, மனித நடமாட்டம் அடங்கிய பின்பே வீடுகளை நெருங்கின. மனிதர் மீதான தாக்குதல் அங்கே மிக அரிதாகவே இருந்தது.

இந்தச் சிறுத்தையை எந்தக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது? அது பிறந்த இடம் கரும்புக் கொல்லை. அதன் தாய் பிறந்ததும் அதுவே. கரும்பு ஓராண்டுக்கு மேல் நின்று வளரும் பயிர். உயரமும் நிழலும் ஈரமும் தருவது. பக்கத்துச் சிற்றூரில் நாயும் பன்றியும் கிடைக்கின்றன. குக்கடி பாசனத் திட்டத்தின் அணைகள் ஜுன்னர் வட்டாரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவந்த பிறகு அங்கே கரும்பு பரவியது. அதனுடன் சிறுத்தைக்கான மறைவிடமும் பரவியது. காடு அழிந்ததன் விளைவு என்று இதைச் சொல்ல முடியாது. பாசனத்தின் விளைவு என்பதே பொருத்தம்.

இரை இல்லாததால் வருகிறது என்ற பாதியும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. வால்பாறைப் பீடபூமியில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சிறுசிறு சோலைத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே ஆராயப்பட்ட சிறுத்தை எச்சங்களில் கடமான், கேளையாடு, சருகுமான், முள்ளம்பன்றி போன்ற காட்டு இரையே மிகப் பெரும்பங்கு. வீட்டு விலங்குகள் சொற்பம். வயிறு நிறையும் சிறுத்தையும் தேயிலைச் செடிகளுக்கு இடையே நடமாடும். தோட்டம் அதன் எல்லைக்குள் இருப்பதே காரணம்.

ஓநாயின் நிலை இதைவிடத் தெளிவானது. இந்திய ஓநாய் அடர்காட்டு விலங்கே அன்று. புல்வெளி, முட்புதர், தரிசு, ஆற்றுப் படுகை, மானாவாரி நிலம் ஆகியவையே அதன் இடம். தக்காணத்தில் தங்கர் இடையர்களின் ஆட்டுக் கிடைகளை ஒட்டியே அது காலங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 3,100 ஓநாய்களே எஞ்சியிருப்பதாக 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அதன் வாழிடத்தை அரசு ஆவணங்கள் பெரும்பாலும் பயனற்ற தரிசு என்றே பதிவு செய்திருக்கின்றன. காட்டில் விடுங்கள் என்ற கோரிக்கை ஓநாயிடத்தில் பொருளற்றுப் போகிறது.

2. பிடித்து வேறிடத்தில் விடுவது தாக்குதலைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது.

இது ஊகம் அன்று, நடத்திப் பார்த்த சோதனை. நடந்த இடம் ஜுன்னர் வனக்கோட்டம். 1990களில் அங்கே சிறுத்தைகள் மனிதரைத் தாக்கிய நிகழ்வுகள் ஆண்டுக்குச் சராசரியாக 4. கோரிக்கைகள் வலுத்தன. 2001இல் பெருமளவில் பிடித்து இடம்மாற்றும் பணி தொடங்கியது. பிடித்த சிறுத்தைகளைச் சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளி, மேற்கு மலைத்தொடர்க் காடுகளில் விட்டார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் தாக்குதல்களின் சராசரி ஆண்டுக்கு 17 ஆனது. உயிரிழப்பில் முடிந்த தாக்குதல்களின் விகிதமும் ஏறியது. கோட்டத்தில் பிடித்த சில சிறுத்தைகள் தொலைவிலுள்ள ஜள்காவ் மாவட்டத்து யாவல் சரணாலயத்தில் விடப்பட்டன. அதற்கு முன் இத்தகைய தாக்குதல் பதிவாகாத அந்தப் பகுதியிலும் மனிதர் தாக்கப்பட்டனர். ஒரு மாவட்டத்தின் ஆபத்தைத் தீர்க்கப்போய் இன்னொரு மாவட்டத்துக்கு ஆபத்தை ஏற்றுமதி செய்ததுதான் மிச்சம்.

காரணம் சிறுத்தையின் இயல்பில் இருக்கிறது. அது தனக்கென எல்லை வகுத்துக்கொண்டு தனித்து வாழும் விலங்கு. தன் எல்லைக்குள் எந்த வீட்டில் நாய் கட்டியிருக்கிறது, எந்த நேரத்தில் எந்தப் பாதையில் ஆள் நடப்பார்கள் என்பதை அது அறிந்திருக்கிறது. அந்த அறிவே மனிதரைத் தவிர்க்க அதற்கு உதவுகிறது. இரும்புக் கூண்டில் பல்லும் நகமும் உடைய மோதி, கூச்சலிடும் கூட்டத்துக்கு நடுவே கிடந்து, வாகனத்தில் ஏற்றப்பட்டு, தெரியாத மலையில் இறக்கிவிடப்படும் விலங்கு அந்த அறிவை ஒரே இரவில் இழக்கிறது. விடப்பட்ட காட்டில் ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் எல்லை பிடித்து வாழ்கின்றன. அவை துரத்துகின்றன. துரத்தப்பட்ட விலங்கு காட்டின் விளிம்புக்கு, அதாவது இன்னொரு ஊரின் விளிம்புக்கு வருகிறது. இல்லையென்றால் பழைய எல்லையைத் தேடி நடக்கத் தொடங்குகிறது.

எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்கு ‘அஜோபா’ என்று பெயரிடப்பட்ட ஆண் சிறுத்தை சான்று. 2009இல் அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றிலிருந்து மீட்கப்பட்டு, கழுத்துப்பட்டை பொருத்தி, மால்ஷேஜ் கணவாயில் விடப்பட்டது அது. ஊர்களையும் நெடுஞ்சாலையையும் இரயில் பாதையையும் கடந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் விளிம்பை அடைந்தது. வழியில் யாரையும் தாக்கவில்லை. 2011இல் வாகனம் மோதி இறந்தது. 40 கிலோமீட்டர் தள்ளி விட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுபவர்கள் இந்தப் பயணத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதன் சுவரை ஒட்டி உலகின் மிக நெருக்கமான குடியிருப்புகளில் சில இருக்கின்றன. வெளியில் பிடித்த சிறுத்தைகள் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட காலத்தில் தாக்குதல்கள் பெருகின. 2004இல் உச்சத்தைத் தொட்டன. பின்னர் இடமாற்றம் கைவிடப்பட்டது. 2011 முதல் வனத்துறையும் ஆய்வாளர்களும் குடியிருப்பு மக்களும் சேர்ந்து குப்பையை அகற்றுவது, விளக்குப் போடுவது, பார்த்தவுடன் கூண்டு கேட்காமல் இருப்பது என்று வேலை செய்தனர். தாக்குதல்கள் பெருமளவு குறைந்தன. உயிரிழப்பே இல்லாத ஆண்டுகளும் தொடர்ந்து வந்தன. சிறுத்தைகள் எங்கும் போய்விடவில்லை. பூங்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 40க்கு மேற்பட்டவை வாழ்கின்றன. 2011இல் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், பார்த்தவுடன் பிடிப்பதைத் தவிர்க்கவே சொல்லின. அந்த ஏடு அலுவலகங்களில் இருக்கிறது. கூண்டுகளோ தோட்டங்களில் இருக்கின்றன.

ஜுன்னர் வட்டாரத்தில் இன்றும் மனிதர்கள் இறக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அங்கே இத்தனை ஆண்டுகளாகக் கூண்டு வைப்பது ஓயவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூண்டு தீர்வாக இருந்திருந்தால் நாட்டிலேயே பாதுகாப்பான ஊர் ஜுன்னராகத்தான் இருந்திருக்கும்.

3. ஒன்றை அகற்றினால் இன்னொன்று வரும்.

நல்ல மறைவும் இரையும் உள்ள எல்லை காலியாகக் கிடக்காது. தாயைப் பிரிந்து இடம் தேடி அலையும் இளம் சிறுத்தை அதை நிரப்பும். ஊரின் போக்கு அறிந்த முதிய விலங்கின் இடத்தில் எதுவும் அறியாத இளசு வந்து அமர்வது ஊருக்கு ஆதாயம் அன்று. சுட்டுத் தீர்ப்பது பற்றியும் ஒரு சான்று உண்டு. ஸ்லோவாக்கியாவில் ஓநாய் வேட்டை அனுமதிக்கப்பட்டிருந்த ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், வேட்டையால் கால்நடை இழப்பு குறைந்ததற்கான தடயம் எதையும் காணவில்லை. பஹ்ராயிச்சில் 2024இல் மஹசி வட்டத்துக் குழந்தைகளைக் கொன்ற கூட்டம் என்று கருதப்பட்ட ஓநாய்களைப் பிடித்தார்கள். 2025இல் அதே மாவட்டத்தில் தாக்குதல்கள் மறுபடி தொடங்கின.

4. எண்ணிக்கை பெருகியதே காரணம் என்பது எண்களைப் படிக்காத வாதம்.

இந்தியாவில் சிறுத்தைகள் 2018இல் 12,852 என்றும் 2022இல் 13,874 என்றும் அரசு மதிப்பிட்டது. நான்கு ஆண்டில் ஏறத்தாழ 8 சதவீத உயர்வு. தமிழ்நாட்டில் 868 என்பது 1,070 ஆனது. இந்த உயர்வு கவனிக்கத்தக்கதே. ஆயினும் இவை வனப்பகுதிகளில் எடுத்த கணக்குகள். கரும்புக் கொல்லைச் சிறுத்தைகள் இதில் அடங்குவதில்லை. ஆகவே ஊரிலுள்ள ஆபத்தை இந்த எண்ணால் அளக்கவும் முடியாது. எண்ணிக்கைக்கும் உயிரிழப்புக்கும் நேர்த்தொடர்பு இருக்குமானால், சிறுத்தை அடர்த்தி மிகுந்த மும்பையில் உயிரிழப்பு ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

மும்பைச் சிறுத்தைகள் தெருநாய்களைத் தின்பதால் நாய்க்கடியும் வெறிநோயும் குறைகின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. விலங்கு ஆர்வலர்கள் அதை விரும்பி எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளையை இழந்த வீட்டின் முன் அந்தக் கணக்கு எடுபடாது. எடுபடவும் கூடாது. ஒருவரின் இழப்பை ஊரின் பொது நன்மையால் ஈடுகட்ட முடியாது. சிறுத்தையோடு வாழ்வதற்கான வாதம் அந்தக் குழந்தையின் பாதுகாப்பிலிருந்து தொடங்கினால் மட்டுமே அதற்கு மதிப்புண்டு.

5. கண்ணில் பட்டதெல்லாம் ஆபத்து அன்று.

முன்பும் சிறுத்தை இரவில் அந்த வழியாகத்தான் போனது. இப்போது வாசலில் கண்காணிப்பு கேமரா இருக்கிறது. பதிவான காட்சி விடிவதற்குள் ஆயிரம் கைப்பேசிகளுக்குப் போகிறது. நடமாட்டம் கூடியதாக ஊர் நம்புகிறது. பகலில் கூட்டம் கூடி, கம்போடும் கைப்பேசியோடும் புதரைச் சூழ்ந்துகொள்கிறது. தப்ப வழியில்லாத சிறுத்தை பாயும்போது பலர் காயமடைகிறார்கள். அந்தக் காயங்களும் சிறுத்தைத் தாக்குதல் கணக்கிலேயே சேர்கின்றன. 2024 ஏப்ரலில் மலையே இல்லாத காவிரிப் படுகையில், மயிலாடுதுறை நகரில் ஒரு சிறுத்தை கேமராவில் பதிவானது. நாள்கணக்கில் தேடினார்கள், கூண்டுகள் வைத்தார்கள். அது யாரையும் கொல்லவில்லை, கூண்டிலும் சிக்கவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. கூண்டில் ஏதாவது ஒரு சிறுத்தை விழுந்ததும் ஆபத்து போய்விட்டது என்று ஊர் நம்பிவிடுகிறது. மாலையில் பிள்ளைகள் மறுபடி தனியே நடக்கிறார்கள். புதர் வெட்டும் வேலையும் விளக்குப் போடும் வேலையும் நின்றுபோகின்றன. விழுந்தது வேறு விலங்காக இருந்தால், தாக்கிய விலங்கு இன்னும் அங்கேயே இருக்கிறது.

6. யார் இறக்கிறார்கள் என்ற கேள்வியைக் கூண்டு மறைத்துவிடுகிறது.

2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தேயிலைத் தோட்டத்தில் ஒரு குழந்தை கொல்லப்பட்டது. 2025 ஜூனில் வால்பாறைத் தோட்டம் ஒன்றில் இன்னொரு குழந்தை. இரண்டும் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பஹ்ராயிச்சில் ஓநாய்க்குப் பலியான குழந்தைகள் காக்ரா ஆற்றுப் படுகையின் ஏழைக் குடிசைகளில், பல இடங்களில் கதவுகூட இல்லாத வீடுகளில் உறங்கியவர்கள். பெரிய பங்களாவின் பிள்ளை இந்தப் பட்டியலில் வருவதில்லை. சிறுத்தை ஆள் பார்த்துத் தாக்குவதில்லை. ஆபத்தான நேரத்தில் ஆபத்தான இடத்தில் யார் இருக்க நேர்கிறது என்பதைக் கூலியும் குடியிருப்பும் தீர்மானிக்கின்றன.

தோட்டத்து லைன் வீடுகளில் தேயிலைச் செடி பல இடங்களில் சுவரை ஒட்டியே நிற்கிறது. கழிப்பறை வீட்டுக்குள் இல்லாத இடங்களில் குழந்தை அந்தி சாய்ந்த பிறகு வெளியே போகிறது. தாயும் தந்தையும் இலை பறித்து எடை போட்டுத் திரும்பும் வரை அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கடைத்தெருவின் கோழிக்கழிவு பள்ளத்தில் கொட்டப்படுகிறது. அதைத் தின்ன நாயும் பன்றியும் வருகின்றன, அவற்றைத் தேடிச் சிறுத்தை வருகிறது. புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்த மலையின் வழக்கம் தெரியாது. எந்த நேரத்தில் எந்தப் பாதை கூடாது என்று அவர்களுடைய மொழியில் சொல்லவும் ஆள் இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்: தோட்ட நிர்வாகம், ஊராட்சி, நகராட்சி, மின்வாரியம், தொழிலாளர் துறை. கூண்டு வையுங்கள் என்ற குரல் எழுந்ததும் இந்தப் பொறுப்பெல்லாம் கலைந்து வனத்துறையின் தலையில் மட்டும் இறங்குகிறது. அந்த நிலையில் கூண்டு வைப்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

செலவைச் சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வீட்டைச் சுற்றிச் சில மீட்டர் தூரம் செடியை ஒட்ட வெட்டுவது, வழியில் விளக்கு, வீட்டுக்குள் கழிப்பறை, மாலை வரை திறந்திருக்கும் பிள்ளைக் காப்பகம், கூரையும் கதவும் உள்ள ஆட்டுப்பட்டி ஆகியவை சிறுத்தை இல்லாத ஊரிலும் தொழிலாளிக்குச் சேர வேண்டியவை. சிறுத்தை உள்ள ஊரில் அவை உயிர்காக்கும் கருவிகள். கால்நடை இழப்பீடு அதே வாரத்தில் கைக்கு வர வேண்டும். தாமதமானால் மாட்டை இழந்தவர் எஞ்சிய உடலில் நஞ்சு வைக்கும் நிலைக்குப் போகிறார். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே நஞ்சேறிய மாட்டின் உடலைத் தின்ற இரண்டு புலிகள் இறந்தன. மாட்டை வளர்த்தவர் சிறைக்குப் போனார். அங்கே யாருக்கும் எதுவும் காக்கப்படவில்லை.

7. அப்படியானால் ஆட்கொல்லியை என்ன செய்வது?

கூண்டை எதிர்ப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்த்தால் அவர்கள் பேசுவதற்குத் தகுதியற்றவர்கள். மனிதரை இரையாகக் கொள்ளத் தொடங்கிய விலங்கு அகற்றப்பட வேண்டும், விரைவாக, நிரந்தரமாக. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. பிடிக்க இயலாதபோது கொல்லவும் இடமளிக்கிறது. 2021இல் கூடலூர், மசினகுடி பகுதியில் டி23 என்ற புலியை 21 நாள் தேடி மயக்க ஊசி செலுத்திப் பிடித்தார்கள். அது மைசூரு மறுவாழ்வு மையத்துக்குப் போனது, வேறொரு காட்டுக்குப் போகவில்லை. அதுவே சரியான முறை.

அந்தத் தேடலில் ஒரு குறிப்பிட்ட புலி தேடப்பட்டது என்பது முக்கியம். 1996இல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் பல குழந்தைகளை ஓநாய் தாக்கியபோது, ஆராய்ந்தவர்கள் ஒற்றை ஓநாயையோ ஒரே கூட்டத்தையோதான் காரணமாகக் கண்டார்கள். மற்ற ஓநாய்களைக் கொன்றதால் ஒரு குழந்தையும் காக்கப்படவில்லை. தாக்குதல் நடந்த இடத்தில் கேமரா வைத்து உடற்புள்ளிகளை ஒப்பிடுவதும், காயத்தில் எஞ்சிய உமிழ்நீரிலிருந்தும் முடியிலிருந்தும் மரபணுவைச் சோதிப்பதும் இன்று இயலும். அந்த அடையாளம் உறுதியாகும் வரை அந்தப் பகுதியில் மாலைக்குப் பின் யாரும் தனியே நடக்காதபடி வாகனமும் காவலும் தருவது நிர்வாகத்தின் வேலை. அடையாளம் காணாமல் வைக்கும் கூண்டில் பசித்த சிறுத்தை எதுவும் விழலாம். விழுந்ததை வெளியில் விட்டால் ஜுன்னரில் நடந்தது நடக்கும். விடாவிட்டால் ஆயுள் முழுவதும் அடைத்து வைக்க வேண்டும். ஜுன்னர் அருகே மாணிக்டோவில் உள்ள சிறுத்தை மீட்பு மையத்தில் அப்படி அடைபட்டவை பல ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றில் எவை மனிதரைத் தாக்கியவை, எவை கூண்டில் கட்டிய ஆட்டைத் தேடி வந்ததற்காக மட்டும் அடைபட்டவை என்று பிரித்துச் சொல்ல, பிடித்த அன்றே சான்று எடுத்திருக்க வேண்டும்.